அம்மா போட்ட முடிச்சு

"நீதான்டா எடுத்து வச்சிருக்க. எனக்குத் தெரியும்."

அம்மா இதைச் சொன்னபோது குரலில் கோபமே இல்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர்களுக்கு வரும் நிதானம்தான் இருந்தது. அலமாரிச் சாவியைக் காணோம். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. "உன் சாவியை வச்சு நான் என்னம்மா பண்ணப்போறேன்?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே தேடினேன். கடைசியில் அவளுடைய தலையணை உறைக்குள் கிடைத்தது. கைக்குட்டையில் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முடிச்சுப் போட்டிருந்தாள். அப்படி நெருக்கி முடிச்சுப் போடுவது அம்மாவின் கை. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அது வராது.

முடிச்சை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இது யார் போட்ட முடிச்சு, சொல்லு."

அம்மா அதை உற்றுப் பார்த்தாள். "என்னை மாதிரியே முடிச்சுப் போடக் கத்துக்கிட்டியா?" என்றாள்.

குதர்க்கம் என்று நினைத்தேன். வீம்பு, வயதானால் வரும் சந்தேகப் புத்தி என்றெல்லாம் வாய்க்கு வந்த பெயர் வைத்தேன். தன்னிடம் மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு அவள் மூளை நேர்மையாகச் சொன்ன பதில் அது என்று எனக்கு உறைக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருடத்தில் படித்ததையும் கேட்டதையும் படத்தில் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். என்னைப் போலக் கத்திக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினால் போதும்.

முதலில் பார்த்த மருத்துவர், "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று சொல்லி சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். அதில் இரண்டு வருடம் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு, பேனா முனையால் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினார். காதுகளுக்கு நேர் உள்ளே, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஹிப்போகாம்பஸ். கடல்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தக் கிரேக்கப் பெயர். புது நினைவுகளைப் பதிய வைக்கும், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத இடம்.

"பக்கத்துல கறுப்பா தெரியுது பாருங்க. அது தண்ணி. மூளை சுருங்கின இடத்தைத் தண்ணி நிரப்பியிருக்கு." அல்சைமர் என்று நோயின் பெயரையும் சொன்னார்.

மூளையின் மடிப்புகள் மெலிந்து, மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே பள்ளம் அகன்றிருந்தது. நடுவில் பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி இருக்கும் நீர் அறைகள் விரிந்திருந்தன. வயதாகும்போது எல்லோருக்கும் ஹிப்போகாம்பஸ் கொஞ்சம் சுருங்கும், வருடத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை சதவீதம். அல்சைமர் வந்தவர்களுக்கு அது நான்கிலிருந்து ஐந்து சதவீதம்வரை போகிறது. வளர்ந்த மனித மூளையின் எடை சுமார் 1,300 கிராம். நோய் முற்றிய நிலையில் அது ஒரு கிலோவுக்குக் கீழேகூட இறங்கிவிடும். அவ்வளவு எடை ஒரு மனுஷியின் தலைக்குள்ளிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகிறது. நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த நோய்க்குப் பெயர் வரக் காரணமான பெண்ணைப் பற்றிப் படித்தது ஒரு நள்ளிரவில். அடுத்த அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். 1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஆகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்க்கிறார்கள். மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். பெயர் என்ன? "ஆகுஸ்டே." குடும்பப் பெயர்? "ஆகுஸ்டே." கணவர் பெயர்? "ஆகுஸ்டே என்று நினைக்கிறேன்." மதியச் சாப்பாட்டில் காலிஃப்ளவரும் பன்றி இறைச்சியும் தின்றுகொண்டிருந்தவர், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்றார். இந்தக் குறிப்புகள் இருந்த கோப்பு பல ஆண்டுகள் காணாமல் கிடந்து 1995-இல்தான் திரும்பக் கிடைத்தது. "நான் என்னைத் தொலைத்துவிட்டேன்" என்று அந்தப் பெண் சொன்னதும் அதிலிருந்துதான் உலகத்துக்குத் தெரியவந்தது.

ஆனால் என்னை எழுந்து உட்கார வைத்தது அல்சைமர் 1907-இல் வெளியிட்ட சின்னக் கட்டுரைதான். முதல் அறிகுறியாக அவர் எழுதுவது மறதியை அல்ல. கணவன்மேல் வந்த சந்தேகத்தை. அதற்கப்புறம்தான் ஞாபகம் தேய்கிறது. சொந்த வீட்டுக்குள்ளேயே அவளுக்கு வழி தெரியாமல் போகிறது. பொருள்களை இங்கேயும் அங்கேயும் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைக்கிறாள்.

ஒளித்து வைக்கிறாள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நூறு வருடத்துக்கு முன்னால், வேறொரு நாட்டில், வேறொரு மொழி பேசிய ஒரு பெண்ணும் இதையேதான் செய்திருக்கிறாள். அம்மாவின் குணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு நோயின் கைவேலை.

ஆகுஸ்டே 1906 ஏப்ரல் 8 அன்று இறந்தார். அல்சைமர் அப்போது மியூனிக்கில் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலினிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மூளையை அங்கே வரவழைத்து, மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்பால் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. செல்களுக்கு வெளியே அங்கங்கே பொடிப் பொடியாக ஏதோ ஒரு பொருளின் படிவு. செல்களுக்கு உள்ளே, தடித்த நார்கள் கற்றையாகச் சேர்ந்து முறுக்கிக்கொண்ட சிக்கல். கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை செல்களில் இந்தச் சிக்கல் இருந்ததாக எழுதியிருக்கிறார். பல இடங்களில் செல்லே கரைந்து போயிருந்தது. ஒரு காலத்தில் அங்கே ஒரு நியூரான், அதாவது நரம்புச் செல், இருந்தது என்பதற்கு அந்த நார்முடிச்சு மட்டுமே அடையாளமாக மிஞ்சியிருந்தது.

1906 நவம்பர் 3 அன்று டூபிங்கன் நகரில் மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னார். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 1910-இல் கிரேப்பலின் தன் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார்.

அந்தப் படிவு என்ன பொருள் என்று தெரிய இன்னும் எழுபது சொச்சம் ஆண்டுகள் ஆயின. 1984-இல் ஜார்ஜ் கிளென்னர், கெய்ன் வோங் இருவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். பீட்டா அமிலாய்டு என்ற சின்னப் புரதத் துண்டு. நம் எல்லோருடைய மூளையிலும் நியூரானின் சவ்வில், துணியில் குத்திய ஊசி போல, ஒரு பெரிய புரதம் நட்டுக்கொண்டு நிற்கிறது. இரண்டு என்சைம்கள் கத்தரி மாதிரி அதை இரண்டு இடத்தில் வெட்டும்போது இந்தத் துண்டு விழுகிறது. பெரும்பாலும் 40 அமினோ அமில நீளம். சிலசமயம் 42. அந்த இரண்டு கூடிப்போவதில்தான் வினை. 42 நீளத் துண்டு ஒட்டும் தன்மை அதிகம். ஒன்றோடொன்று ஒட்டி, சிறு கூட்டங்களாகி, பிறகு செல்களுக்கு நடுவே கட்டியாகப் படிகிறது. அந்தக் கட்டிகள் பெரும்பாலும் ஒரு தலைமுடியின் பருமனைவிடச் சிறியவை.

செல்லுக்குள் இருக்கும் முடிச்சின் கதை வேறு. நியூரானுக்கு நீளமான வால் உண்டு. அதற்குள் சத்தும் சரக்கும் போய்வர நுண்குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாய்களைச் சேர்த்துக் கட்டி நிறுத்துவது டௌ என்ற புரதம். கட்டடத்துக்குச் சாரம் கட்டும்போது கம்புகளைக் கயிறு பிடித்து நிறுத்துகிறதே, அந்த வேலை. அல்சைமரில் இந்தப் புரதத்தின்மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறுகிறது. கயிறு கம்பைவிட்டு நழுவுகிறது. நழுவிய கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கின்றன. சாரம் சரிகிறது, சரக்குப் போக்குவரத்து நிற்கிறது, நியூரான் முதலில் தன் தொடர்புகளை இழக்கிறது, பிறகு தானே சாகிறது.

தொடர்புகள் என்று நான் சொல்வது சினாப்ஸ்களை, ஒரு நியூரான் அடுத்ததிடம் பேசும் இடங்களை. மூளையில் எத்தனை அமிலாய்டு கட்டி இருக்கிறது என்பதை வைத்து ஒருவர் எவ்வளவு மறந்திருப்பார் என்று சொல்ல முடிவதில்லை. எத்தனை முடிச்சு, எத்தனை சினாப்ஸ் இழப்பு என்பதை வைத்து ஓரளவு சொல்ல முடிகிறது. எனக்கு இது முக்கியமாகப் பட்டது. செல் சாவதற்கு வெகு முன்பே பேச்சு அறுந்துவிடுகிறது.

இதெல்லாம் எப்போது தொடங்குகிறது என்று தெரிந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடம் முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. அம்மாவுக்கு எழுபத்தொன்றில் தெரிந்தது. அப்படியென்றால் ஐம்பதுகளில். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். வீட்டுக் கணக்கு முழுவதையும் ஒரு தாளில் எழுதாமல் மனத்திலேயே வைத்திருந்தவள் அவள். யாருக்கு எப்போது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பத்து பேர் விவரம் சொல்வாள். அப்போதே உள்ளே ஆரம்பித்திருக்கிறது.

முடிச்சுகள் பரவுவதற்கு ஒரு வரிசை உண்டு என்று 1991-இல் ஹைக்கோ பிராக், ஈவா பிராக் தம்பதியர் காட்டினார்கள். இறந்தவர்களின் மூளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். ஹிப்போகாம்பஸின் வாசற்படி போல என்டோரைனல் கார்டெக்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. பார்த்தது, கேட்டது எல்லாம் அதன் வழியாகத்தான் ஹிப்போகாம்பஸுக்குள் போகும். முதல் முடிச்சு அந்த வட்டாரத்தில்தான் விழுகிறது. பிறகு ஹிப்போகாம்பஸ், பிறகு பக்கவாட்டு மடல், கடைசியில் மூளையின் மேலடுக்கான புறணி முழுவதும்.

1996-இல் வந்த ஓர் ஆய்வு என்னை உலுக்கிவிட்டது. மறதி லேசாகத் தலைகாட்டிய, இன்னும் ஓரளவு தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்த நிலையில் இறந்தவர்களின் என்டோரைனல் கார்டெக்ஸை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அதன் இரண்டாவது அடுக்கில் நியூரான்களில் ஏறக்குறைய 60 சதவீதம் ஏற்கெனவே போயிருந்தது. "கொஞ்சம் மறதியா இருக்கு" என்று நாம் முதன்முதலில் சொல்லும்போது வாசற்படியின் அந்த அடுக்கில் பாதிக்கு மேல் இடிந்தாகிவிட்டது.

இந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் கடந்த சில வருடங்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் இருந்தது.

ஒரு மாலை, முப்பது வருடம் நடந்த அதே கூடத்தின் நடுவில் நின்றாள். குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். என்டோரைனல் கார்டெக்ஸில்தான் நாம் இருக்கும் இடத்தைக் கட்டம் கட்டிக் கணிக்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்ததற்குத்தான் மோசர் தம்பதியருக்கு 2014-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தச் செல்கள் குடியிருக்கும் தெருவில்தான் முதல் முடிச்சு விழுகிறது. வழி தொலைப்பது இந்த நோயில் அவ்வளவு சீக்கிரம் வருவது தற்செயல் இல்லை.

ஒரே கேள்வியை இருபது தடவை கேட்பாள். எனக்கு இருபதாவது தடவை. அவளுக்கு ஒவ்வொன்றும் முதல் தடவை. பதில் உள்ளே போகிறது, பதிகிற இடம் இல்லை. 1953-இல் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக இரண்டு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அறுத்து எடுத்தார்கள். அதற்குப்பின் அவரால் புதிதாக ஒரு முகத்தைக்கூட நினைவில் வைக்க முடியவில்லை. பழையது இருந்தது. அம்மாவும் தன் பள்ளிக்கூட நாட்களைத் துல்லியமாகச் சொல்வாள். பழைய நினைவுகள் வருடக்கணக்கில் புறணி முழுக்கப் பரவி வேரூன்றிவிட்டவை. நோய் அங்கே போய்ச்சேர நாளாகும்.

சாவிக்கு வருகிறேன். சாவி காணாமல் போய்விடுமோ என்ற பயம் அம்மாவுக்கு நிஜம். பத்திரப்படுத்தினாள். பத்திரப்படுத்திய காட்சி பதியவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது சாவி இருந்த இடத்தில் இல்லை. தான் எடுத்ததாக ஞாபகம் இல்லை, வீட்டில் இருக்கும் இன்னொரு ஆள் நான். அவள் இடத்தில் இருந்தால் நான் என்ன முடிவுக்கு வருவேன்? நினைவில் ஓட்டை விழும்போது மூளை அதை வெறுமையாக விட்டுவைப்பதில்லை, கதை சொல்லி அடைத்துவிடுகிறது. "இது சரியாக இருக்குமா" என்று அந்தக் கதையைச் சோதித்துப் பார்க்கும் முன்மடலும் வலுவிழந்து வருகிறது. தன் கையால் போட்ட முடிச்சைப் பார்த்து அவள் சொன்னது, அந்த நிலையில் சொல்லக்கூடிய ஆகச் சிறந்த விளக்கம்.

என்னை இன்றுவரை உறுத்துவது வேறொன்று. 2014-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத் துணுக்குகளைக் காட்டினார்கள். சற்று நேரத்தில் அவர்கள் பார்த்ததை மறந்துவிட்டார்கள். சோகம் போகவில்லை. எதற்கென்று தெரியாத துக்கம் அப்படியே தங்கியிருந்தது. நான் கத்தியதை அம்மா ஐந்து நிமிடத்தில் மறந்திருப்பாள். ஆனால் அன்று மாலை முழுவதும் அவள் முகம் வாடியிருந்ததை நான் பார்த்தேன். ஏன் என்று அவளுக்கே தெரியாமல் வாடியிருந்தது. காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

பரம்பரையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அபூர்வமாகச் சில குடும்பங்களில் ஒரே ஒரு ஜீன் மாற்றத்தால் நாற்பதுகளிலேயே வருகிறது. மற்றவர்களுக்கு அப்படி நேரடியாக இல்லை. ஏ.பி.ஓ.இ.4 என்ற ஜீன் வகை ஆபத்தைக் கூட்டுகிறது என்று 1993-இல் தெரிந்தது. அது இருந்தும் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு.

படிவும் முடிச்சும் இருந்தாலே மனிதர் தொலைந்துவிடுவார் என்றும் இல்லை. 1986-இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரீகள் தங்கள் மூளையை இறந்தபின் தர ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் 101 வயதில் இறந்தார். கடைசிவரை ஞாபகப் பரிசோதனைகளில் நன்றாகச் செய்தவர். திறந்து பார்த்தால் மூளையில் ஏராளமான படிவும் முடிச்சும். சிலருடைய மூளையில் மாற்றுவழிகள் அதிகமாக இருக்கின்றன, ஒரு பாதை அடைத்தால் இன்னொன்றில் போய்விடுகிறது என்கிறார்கள். இதை அம்மாவிடம் பொருத்திப் பார்த்து மனம் நொந்ததும் உண்டு. பிறகு விட்டுவிட்டேன். யாருக்கு எவ்வளவு வழி என்பது அவர்கள் கையில் மட்டும் இல்லை.

மருந்து பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அம்மா டோனெபெசில் சாப்பிடுகிறாள். நியூரான்கள் ஒன்றோடொன்று பேச உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் செல்கள் இந்த நோயில் அழிகின்றன. மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் இந்த மருந்து பார்த்துக்கொள்கிறது. அழிவதை அது நிறுத்தாது. 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப் என்ற மருந்து அமிலாய்டு படிவையே அகற்றுகிறது. 18 மாத ஆய்வில் நோயின் சரிவு 27 சதவீதம் மெதுவானது. மூளையில் வீக்கமும் கசிவும் வரும் ஆபத்து உண்டு. அந்த மருந்தும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. அம்மா அந்த வாசலைத் தாண்டிவிட்டாள். முதல் இரண்டு வருடத்தை நினைக்காமல் இருக்க முயல்கிறேன்.

"ஞாபகம் இருக்கா?" என்று அவளிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். அது பரீட்சை. அவள் தோற்கப்போகிற பரீட்சை. சாவி காணோம் என்றால், "வா, சேர்ந்து தேடலாம்" என்கிறேன். யார் எடுத்தது என்ற பேச்சே வருவதில்லை.

போன மாதம் சாவி என்ற சொல்லும் போய்விட்டது. கையை முறுக்கிக் காட்டி, "அது... அந்தத் திறக்கிறது" என்றாள். சொற்கள் குடியிருக்கும் பக்கவாட்டு மடலுக்கு நோய் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த அலமாரி பழசு. கதவு தொங்கிப்போய்விட்டது. சாவியைப் போட்டுச் சும்மா திருப்பினால் திறக்காது. கைப்பிடியை ஒரு விரற்கடை மேலே தூக்கி, முழங்காலால் கீழ்ப்பக்கம் லேசாக அழுத்தி, அதே நேரத்தில் திருப்ப வேண்டும். நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். அம்மா போய் நின்றாள். இடது கை கைப்பிடியைத் தூக்கியது, முழங்கால் போய் ஒட்டியது, வலது கை திருப்பியது. ஒரே அசைவு. க்ளிக்.

மொலைசனும் அப்படித்தான். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. முந்தைய நாள் செய்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. கை பழகியதெல்லாம் மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்புச் செல் திரள்களிலும் சிறுமூளையிலும் தங்குகிறது. முடிச்சுகள் அங்கே அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

கதவைத் திறந்துவிட்டு அம்மா அப்படியே நின்றாள். எதற்குத் திறந்தோம் என்று தெரியவில்லை. உள்ளே அடுக்கியிருந்த துணிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தேன். மறுபடி தூக்கினாள், அழுத்தினாள், திருப்பினாள். அன்று மத்தியானம் ஒன்பது தடவை திறந்தாள். ஒன்பது தடவையும் நான் பூட்டிக் கொடுத்தேன்.